ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம்

பதினொரு மணிக்கு என்றார்கள். பத்தரைக்கே வந்து உட்கார்ந்தாயிற்று. இப்போது பன்னிரண்டாகப் போகிறது, சுவரில் இருக்கிற பெரிய திரையில் இன்னும் நாங்கள் இரண்டு பேர்தான் தெரிகிறோம், நானும் என் மகள் இலக்கியாவும். அந்தப் பக்கம் லைன் கிடைக்கிறவரை அது நம்மையேதான் காட்டும் என்று கம்ப்யூட்டர் பார்க்கிற அம்மாள் சொல்லிவிட்டு ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே ஆடி வெயில் மண்டையைப் பிளக்கிறது, கலெக்டர் ஆபீஸ் மாடி ஏசியில் ஒருத்தி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல நான் பார்த்ததே இல்லை. வீட்டில் தலை வாரும்போது பார்ப்பது, அதுவும் வகிடு நேராக இருக்கிறதா என்று மட்டும். இப்படி ஒன்றரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, பூமயில், உன் முகம் ரேஷன் கடையில் சண்டைக்கு நிற்கிறவளின் முகம். வாய் இரண்டு பக்கமும் கீழே இழுத்துக்கொண்டு கிடக்கிறது. எப்போது இப்படி ஆனது. பக்கத்தில் இலக்கியா கட்டைவிரல் நகத்தைக் கடிக்கிறாள். நான் திரும்பாமல் திரையிலேயே அவளைப் பார்க்கிறேன், அவளும் திரையிலேயே என்னைப் பார்க்கிறாள், அடுத்தடுத்த நாற்காலியில் இருந்துகொண்டு இவ்வளவு சுற்றி வந்து பார்த்துக்கொள்கிறோம். "நகத்தக் கடிக்காத." "கடிக்கல." விரலை மடியில் ஒளித்துக்கொண்டு கடிக்கலையாம். அவள் அப்பன் சேவுகனும் இப்படித்தான், மூக்கில் புகை வந்துகொண்டிருக்கும்போதே பீடி குடிக்கலை என்று சத்தியம் செய்வான். அவனைக் குத்திக் கொன்றவன் இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தத் திரையில் வருவான். அவன் இருக்கட்டுமா, சாகட்டுமா என்று என் மகளைக் கேட்பார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறோம்.

நம்ம ஊரில் இப்படிக் கிடையாது. இங்கே கொலை விழுந்தால் சர்க்கார் வாதாடும், கோர்ட் தீர்ப்புச் சொல்லும், தூக்கு என்றால் அதற்கும் டெல்லி வரைக்கும் மனுப் போய் வருஷக்கணக்கில் இழுக்கும், செத்தவன் பெண்டாட்டி பிள்ளையிடம் வந்து உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சேவுகன் வேலைக்குப் போன வளைகுடா நாட்டில் சட்டம் வேறு. கொலைக்குச் சாவுதான், ஆனால் செத்தவனுடைய வாரிசுகளில் ஒரே ஒருத்தர் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டாலும் அந்தச் சாவு கிடையாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்டார்கள், முடியாது என்றேன். மாமனாரைக் கேட்டார்கள், அவரும் முடியாது என்று கைநாட்டு வைத்தார், அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மூன்றாவது வாரிசு நாலு வயசுப் பிள்ளை. அவளைக் கேட்கவும் முடியாது, கேட்காமல் கொல்லவும் முடியாது, அவளுக்குப் பதினெட்டு முடியட்டும் என்று அந்த ஊர் ஜட்ஜ் எழுதிவிட்டார். அவ்வளவுதான். அங்கே ஒருத்தன் சிறையில் உட்கார்ந்தான், இங்கே ஒரு பிள்ளை வளர்ந்தது. நான் இட்லி ஊட்டினேன், சடை பின்னினேன், வருஷத்துக்கு வருஷம் பாவாடை மடிப்பைப் பிரித்து இரண்டு விரற்கடை இறக்கித் தைத்தேன், இறக்க இறக்க அவனுக்குச் சாவு கிட்டே வந்தது. நான் பிள்ளையைத்தான் வளர்த்தேனா. இந்த யோசனை முன்னாடி எனக்கு வந்ததே இல்லை. பொய் சொல்லாதே பூமயில், வந்தது, வந்தபோதெல்லாம் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்தாய்.

முன்வரிசையில் வக்கீல் ஹெலன் மேடமும், அரபியில் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்ல வந்திருக்கிற பள்ளிவாசல் ஹஜ்ரத் சையது மீரானும் மெல்லிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதமாக இதே சண்டைதான், எங்கள் வீட்டு முற்றத்திலும் போட்டிருக்கிறார்கள். மேடம் மதுரையில் மனித உரிமை அமைப்பில் இருக்கிறார். முதல் தடவை வந்தபோதே சொல்லிவிட்டார், "எந்த ஊரா இருந்தாலும் சரி, எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி, ஒரு உசிர எடுக்கிற உரிமை யாருக்கும் கிடையாது அக்கா. சர்க்காருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது." செத்தது உங்க வீட்டுக்காரரா, எங்க வீட்டுக்காரரா என்று கேட்டேன். பாவம், கொடுத்த மோரைக் குடிக்காமலே போய்விட்டார். ஆனால் திரும்பி வந்தார், அது எனக்குப் பிடித்தது. நஷ்டஈடு வாங்கித் தருகிறோம் என்று பணப் பேச்சோடு வந்த ஒருத்தரை நான் வாசலோடு அனுப்பினேன், அவர் அப்புறம் வரவே இல்லை. ஹஜ்ரத் பேசுவது வேறு தினுசு. "உரிமை இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன்மா. அந்தச் சட்டப்படி உரிமை உங்களுக்குத்தான். விடுற உரிமையும் உங்களுக்குத்தான். விட்டவங்களுக்கு ஆண்டவன்கிட்ட இடம் பெருசு." உடனே மேடம், "அப்ப அவங்க விடலேன்னா கொன்னுரலாமா ஹஜ்ரத்? ஒருத்தன் உசிரு இன்னொருத்தர் மனசு அன்னைக்கி எப்படி இருக்குங்கிறதப் பொறுத்தா?" என்பார். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, "உங்க சட்டத்துல அவங்க மனச யாரும் கேக்கவே இல்லையே மேடம்" என்பார். இரண்டு பேரும் வேறு வேறு பாதையில் வந்து என் வாசலில் நிற்கிறார்கள், நான்தான் கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தேன். என் அண்ணன் இருக்கிறான், அது காட்டுமிராண்டிச் சட்டம் என்பான். டிவியில் யாரோ பிள்ளையைக் கெடுத்தவன் செய்தி வந்தால் அதே வாயால் நடுரோட்டில் நிற்கவைத்துச் சுடணும் என்பான். குத்தியவன் நேபாளத்துக்காரன், தன்ராஜ் தமாங் என்று பெயர், அவன் நாட்டில் மரண தண்டனையையே எடுத்துவிட்டார்களாம். அப்படியானால் அதே கத்தி, அதே குத்து, அவன் ஊரில் நடந்திருந்தால் அவன் சாக மாட்டான், நம்ம ஊரில் நடந்திருந்தால் யாரோ டெல்லியில் முடிவு செய்வார்கள், அங்கே நடந்ததால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். எந்த ஊர் செய்வது நியாயம் என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

பிளக் பாயிண்ட். இதை நினைக்கக் கூடாது என்று நினைக்கிறபோதே வந்துவிடும். எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் முறை வைத்துத்தான் போன் சார்ஜ் போடுவார்கள். அன்று தமாங்கின் முறை. அவன் போனைச் சொருகிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான், சேவுகன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொருகி எங்களுக்குப் பேசினான். ஐப்பசி பன்னிரண்டு. இலக்கியாவுக்கு நாலு முடிந்த நாள். ஸ்பீக்கரில் போட்டு அவளைப் பாடச் சொன்னான், அவள் பாதிப் பாட்டில் வெட்கப்பட்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அறையில் இருந்தவர்கள் சிரித்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்து அவன் உயிரோடு இல்லை. தமாங்கின் அம்மாவுக்கு ஆபரேஷனாம், ஊரிலிருந்து போன் வரக் காத்திருந்தானாம், போன் அணைந்து கிடந்ததாம், பேச்சு முற்றியதாம், வெங்காயம் நறுக்குகிற கத்தியாம். எல்லாம் கோர்ட் காகிதத்தில் படித்ததுதான். அந்த நாளை நான் மகளுக்குச் சொல்லவே இல்லை. அப்பா உனக்குப் பேசுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கினார் என்று ஒரு பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது. உன் பிறந்தநாள் ஐப்பசியில் ஏதோ ஒரு நாள், தேதி மறந்துபோச்சு என்று சொல்லி வைத்தேன். எந்தத் தாய்க்காவது தேதி மறக்குமா, அதையும் நம்பினாளே என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஜூன் நாலு. அதுதான் ஆதாரில், அதுதான் பாஸ்போர்ட்டில், அன்றைக்குத்தான் சாக்லேட் கொடுப்பாள். சேவுகன் செத்து ஏழாவது மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். நூறு நாள் வேலைக்குப் போகணும், பிள்ளையை எங்கே விடுவது. ஹெட்மாஸ்டர், "அஞ்சு முடியலையேம்மா, ஜூன் நாலுன்னு போட்டுக்கிருவமா?" என்றார். இந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் ஜூனில் பிறந்ததெல்லாம் இப்படித்தான். போடுங்க சார் என்றேன். வேலைக்காகத்தான் சொன்னேன். வேலைக்காக மட்டுமா. பதினெட்டு முடியட்டும் என்று ஜட்ஜ் எழுதிய காகிதம் அப்போதே என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஹெட்மாஸ்டர் பேனா எழுத எழுத, அஞ்சு மாதம் முன்னாலேயே சாவான் என்று என் மனசு சொன்னது. சொன்னதே, நான் கேட்டேனே. அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வயசு. அந்த ஒரு நினைப்பில்தான் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கியது. வெட்கமாக இருக்கிறது, அதற்காக இல்லை என்று ஆகிவிடுமா.

அதனால் கணக்குப்படி இன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு, உண்மையில் பதினேழுதான், ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டை என் பைக்குள் இருக்கிறது, பிறந்த தேதி அதில் சரியாக இருக்கிறது. காலையில் கிளம்பும்போது எதற்கு எடுத்து வைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. இதைத் தூக்கிக் காட்டினால் இன்றைக்கு அவளைக் கேட்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்பார்கள். மூன்று மாதத்தில் நகம் வளர்ந்துவிடுமா. பஸ்ஸில் வரும்போது கேட்டாள், "நான் என்னம்மா சொல்லணும்?" "உன் இஷ்டம்." நான் ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ அன்னைக்கி சொன்னதத்தான் இன்னைக்கும் சொல்லுவியா?" என்றாள். சொன்னது சொன்னதுதான் என்றேன். உன் இஷ்டம். இந்த இரண்டு வார்த்தையும் பஸ் ஏறியதில் இருந்து பல்லில் மாட்டின நார் மாதிரி கிடக்கிறது. அவள் மன்னிச்சேன் என்றால் அம்மாவை எதிர்த்துப் பேசியதாக ஆகும், அப்பனை விட்டுக் கொடுத்ததாக ஊர் சொல்லும், என் அண்ணன் முதலில் சொல்வான். முடியாது என்றால் ஒருத்தன் சாவான், அந்தச் சாவைச் சுமந்துகொண்டு அவள் காலேஜுக்குப் போகணும், கல்யாணம் கட்டணும், பிள்ளைக்குப் பால் கொடுக்கணும். பதினேழு வயசில் என்னைக் கேட்டிருந்தால் தாவணிக்கு என்ன கலர் என்பதற்கே ஒரு வாரம் யோசித்திருப்பேன். உன் இஷ்டமாம். அதன் பெயர் பெருந்தன்மையா. என் தலைச்சுமையை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, பார்த்து நட என்று சொல்கிறேன்.

சேவுகனும் ஒன்றும் சாது இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மேடத்திடம்கூட. கல்யாணமான இரண்டாம் வருஷம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பெரியப்பா மகன் மேல் அரிவாளை ஓங்கிவிட்டான். மடையை அடைத்தது சேவுகன்தான், தப்பு அவன் பேரில்தான், அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். நான் சோற்றுத் தூக்கோடு போனவள் தூக்கைப் போட்டுவிட்டு அவன் கையில் தொங்கினேன். என் முழங்கை உரசி இரத்தம், வயலெல்லாம் சோறு. கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது, வரப்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான், கொன்னுருப்பேன் பூமயிலு, கொன்னுருப்பேன் என்றான். நான் அரை நிமிஷம் பிந்தி வந்திருந்தால் அவன் கொலைகாரன். பெரியப்பா மகனின் பெண்டாட்டி என் மாதிரி எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள். அந்த எட்டுப் பேர் அறையில் தமாங்கின் கையைப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம், இது எனக்குப் பதினாலு வருஷமாகத் தெரியும். தெரிந்தும்தான் முடியாது என்றேன். கோபம் ஒரு துணையாக இருந்தது. புருஷன் இல்லாத வீட்டில் அது பாட்டுக்கு ஒரு ஆள் மாதிரி இருந்துகொண்டிருந்தது, அதையும் அனுப்பிவிட்டால் நான் யாரோடு இருப்பேன் என்று பயம். பக்கத்துத் தெரு வீராயி அக்கா மகனைத் திருவிழாவில் வெட்டிக் கொன்றார்கள். பதினோரு வருஷம் கோர்ட்டில் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெட்டியவன் விடுதலையாகி வந்ததையே பஸ் ஸ்டாப்பில் அவனை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். "ஒன்னைக் கேக்குறாகளே பூமயிலு, அதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். நீ என்ன சொல்லியிருப்பாய் அக்கா என்றேன். "அவன் வந்து எம் முன்னாடி ஒரு நிமிசம் நின்னுருந்தாப் போதும்டி" என்றாள்.

திரை ஒரு தடவை கறுத்து மறுபடி வெளுத்தது. நாங்கள் சின்னதாகி ஒரு மூலைக்குப் போய்விட்டோம். நடுவில் நீளமான மேசை, வெள்ளை அங்கியில் ஜட்ஜ், வயசானவர், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கட்டத்தில் ஒருத்தன். நான் பதினாலு வருஷமாக நினைத்து வைத்திருந்த ஆள் இவன் இல்லை. அவன் மீசையும் சிவந்த கண்ணுமாக இருப்பான். இவனுக்கு முன்தலை கொட்டிவிட்டது, ஒரு காது கொஞ்சம் மடங்கி இருக்கிறது, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருக்கிறான். அப்போது இருபத்திரண்டு வயசு என்று காகிதத்தில் இருந்தது. அப்படியானால் இப்போது என் தம்பி வயசு. குனிந்தே இருந்தான். யாரோ அந்தப் பக்கம் ஏதோ சொல்ல நிமிர்ந்து எங்களைப் பார்த்தான், நம்மைப் போலவே கையைக் கூப்பினான். அப்புறம் அவன் கண் இலக்கியா மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூப்பிய கையைப் பிரித்து, ஒரு உள்ளங்கையை மெதுவாகக் கீழே கொண்டுபோய் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான். இவ்வளவு உயரம். சேவுகன் கட்டிலுக்கு மேல் அவள் போட்டோவை ஒட்டி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை லீவில் அவன் போன் போடும்போதெல்லாம் அவளைப் பாடச் சொல்வான், அப்போது சிரித்தவர்களில் இவனும் இருந்திருப்பான். தமாங் அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். இலக்கியா என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள், நாலு வயசில் பிடித்த அதே இடத்தில். ஜட்ஜ் பேசினார். ஹஜ்ரத் எழுந்து நின்றார். "மொதல்ல உங்களத்தாம்மா கேக்குறாரு. அன்னைக்கிச் சொன்னது அப்படியேதானான்னு. அதுக்கப்புறம் மகளக் கேப்பாரு." பைக்குள் அட்டை விரலில் தட்டியது, அதை விட்டேன். "இல்லை" என்றேன். ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். "அப்படி இல்லைங்க. நான் விட்டுட்டேன். அவனச் சாகடிக்க வேணாம். ஒருத்தர் சொன்னாப் போதும்னு சொன்னீகள்ல, அந்த ஒருத்தி நானு. எம் மகளக் கேக்காதீங்க. அவகிட்ட இதக் கேக்கவே கூடாது." ஹஜ்ரத் அரபியில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஜட்ஜ் கேட்டார், இல்லை என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், இன்னொரு தடவையும் சொன்னேன், இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது. அந்தப் பக்கம் அவனுக்கு யாரோ அவன் பாஷையில் சொன்னார்கள். அவன் சத்தம் போடவில்லை, மேசை மேல் நெற்றியை வைத்துவிட்டான், முதுகு மட்டும் ஆடியது. வரப்பில் உட்கார்ந்து அழுத முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. ஜட்ஜ் எழுதினார். சாவு இல்லை, இன்னும் எத்தனை வருஷம் உள்ளே இருக்கணும் என்பதைக் கோர்ட் சொல்லும் என்றார் ஹஜ்ரத். மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லைன் போனதும் திரையில் மறுபடி நாங்களே வந்துவிட்டோம். என் முகம் அழுது வீங்கிக் கிடந்தது, ஆனால் ரேஷன் கடைச் சண்டைக்காரி இல்லை, யாரோ வேறு ஒருத்தி. இந்த முறை இலக்கியா திரையைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பி நேராகப் பார்த்தாள். "நான் என்ன சொல்லியிருப்பேன்னு கேக்க மாட்டியாம்மா?" "மாட்டேன். எப்பவும் கேக்க மாட்டேன்." அவள் மூச்சை விட்டாள், காலையில் பஸ் ஏறும்போது இழுத்துப் பிடித்த மூச்சை இப்போதுதான் விடுகிறாள் போல. கீழே இறங்கினால் வெயில் அப்படியேதான் இருந்தது, மரத்தடியில் ஒரு அம்மாள் கூழ் விற்றுக்கொண்டிருந்தாள், இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தோம், எனக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது. துண்டை எடுக்கப் பையைத் துழாவினபோது அட்டை கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, தட்டி மண்ணை உதறி என் பைக்குள்ளேயே வைத்தாள். "ஐப்பசி பன்னெண்டு. ஒம்போதாவது படிக்கிறப்பவே பாத்துட்டேன்மா. கேஸ் ஃபைல்ல அப்பா செத்த தேதியும் அதுதான. பிளக்குக் கதையும் படிச்சுட்டேன்." மூன்று நாலு வருஷமா. இவ்வளவையும் வைத்துக்கொண்டா ஜூன் நாலாம் தேதி எனக்குச் சாக்லேட் கொடுத்தாய். "ஏன்த்தா சொல்லல?" "நீ அழுவேன்னுதான்." கூழ்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டு நல்லா இருக்குன்னு அப்பா சொன்னாரு. அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு." அப்புறம் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "இந்த ஐப்பசிக்குச் சட்டை எடுத்துக் குடு. நீயா மஞ்சக் கலர எடுத்துட்டு வந்துராத, நானும் கடைக்கி வருவேன்" என்றாள்.